சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: சென்னையின் மேற்கில் வேகக் கார் டயர்களின் வரலாறு

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை இந்திய மோட்டார் பந்தய வரலாற்றின் இரண்டு முக்கியமான களங்களுக்கு இடையில் அமைந்தவை. இவற்றுக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி சோழவரம் விமான ஓடுதளம் உள்ளது. பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் உள்ளது. 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை சோழவரத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் கார்ப் பந்தயங்கள் நடந்துவருகின்றன. இதே வட்டாரத்தில் இந்தியாவின் பெரிய டயர் தொழிற்சாலைகளில் ஒன்று இயங்கி மறைந்தது. வேகமாக ஓடும் காருக்கு எந்த டயரைப் பொருத்துவது என்ற கேள்விக்கு இங்கே ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை இருந்தது. அந்த விடையை எஞ்சினின் ஆற்றலைவிடச் சந்தையில் கிடைத்த டயரும் ஓட வேண்டிய பாதையுமே தீர்மானித்தன.

தொழில் வட்டாரம்

சுதந்திரத்துக்குப் பின் சென்னையின் மேற்கே மோட்டார் வாகன உதிரிப்பாகத் தொழில் வேகமாக வளர்ந்தது. 1949இல் முருகப்பா குழுமம் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் சைக்கிள் தயாரித்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்தைச் சேர்ந்த வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். ஆகியவை உருவாயின. முதலாவது சக்கர ரிம்களையும், இரண்டாவது பிரேக்குகளையும், மூன்றாவது மின்கருவிகளையும் தயாரித்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்து, 1965 முதல் விஜயந்தா டாங்கிகள் வெளிவந்தன. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. ரிம்மும் பிரேக்கும் பாடியில், டயர் அம்பத்தூரில் என ஒரு காரின் சக்கரம் முழுமையாகச் சில மைல்களுக்குள் தயாராகும் நிலை ஏற்பட்டது.

அம்பத்தூர் டன்லப்

காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப். தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அவர் உருவாக்கிய டயருக்கு 1888இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1898இல் இந்தியாவில் வணிகத்தைத் தொடங்கியது. 1936இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள சாகாகஞ்சில் தன் முதல் இந்தியத் தொழிற்சாலையை அமைத்தது. இரண்டாவது தொழிற்சாலை 1959இல் அம்பத்தூரில் திறக்கப்பட்டது.

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த இந்தத் தொழிற்சாலை அம்பத்தூரின் அடையாளங்களில் ஒன்றானது. மூன்று ஷிப்டுகளில் ஆட்கள் சென்றுவந்த இடம் அது. அதைச் சுற்றிக் குடியிருப்புகளும் கடைகளும் பெருகின. பேருந்து நிறுத்தத்துக்கும் ‘டன்லப்’ என்ற பெயரே அமைந்தது.

1950களின் நடுப்பகுதிவரை இந்தியாவில் டயர் தயாரித்த பெரிய நிறுவனங்கள் டன்லப்பும் பம்பாயின் ஃபயர்ஸ்டோனும் மட்டுமே. உற்பத்திக்கு உரிமம் வேண்டும். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. கார் வைத்திருந்தவர் டயரைத் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, கிடைத்ததை வாங்கினார் என்பதே அக்காலத்துக்குப் பொருந்தும். தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பரை ஒட்டி ஓட்டும் ரீட்ரெடிங் முறை இந்தப் பற்றாக்குறையில்தான் பரவலானது.

திருவொற்றியூர் கொட்டகை

இந்த நிலையை மாற்றிய நிறுவனங்களில் ஒன்று சென்னையின் வட எல்லையில் தோன்றியது. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன்களைத் தயாரிக்கத் தொடங்கினார். 1952இல் அவரது மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி ரீட்ரெடிங்குக்கான ரப்பரைத் தயாரித்தது. 1961இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த மான்ஸ்ஃபீல்ட் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் டயர் உற்பத்தியில் இறங்கியது. எம்.ஆர்.எஃப். என்று சுருக்கமாக அறியப்படும் நிறுவனம் இது.

அமெரிக்காவின் சீரான சாலைகளை மனத்தில் வைத்து உருவான தொழில்நுட்பம் இந்தியச் சாலைகளின் வெப்பத்துக்கும் பள்ளங்களுக்கும் கூடுதல் சுமைக்கும் அப்படியே ஒத்துவரவில்லை. ரப்பர் கலவையையும் டயரின் கட்டமைப்பையும் உள்ளூர்ச் சாலைக்கு ஏற்ப மாற்றிய பிறகே எம்.ஆர்.எஃப். சந்தையில் காலூன்றியது. ஓரிடத்தில் சிறந்த டயர் இன்னோரிடத்திலும் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை என்ற பாடத்தைச் சென்னையின் டயர் தொழில் தொடக்கத்திலேயே கற்றது. 1967இல் இந்நிறுவனம் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது.

சோழவரம் ஓடுதளம்

சோழவரம் விமானத் தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையால் பயன்படுத்தப்பட்டது. போருக்குப் பின் அது பயன்பாடின்றிக் கிடந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. ஆண்டின் முதல் மாதங்களில் நடைபெற்ற இப்பந்தயங்களுக்குக் கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களிலிருந்து போட்டியாளர்கள் வந்தனர். செங்குன்றம் வழியாகப் பேருந்திலும் சைக்கிளிலும் மக்கள் திரண்டு சென்றனர்.

அன்று ஓடியவற்றில் பெரும்பாலானவை சாலையில் ஓடிய கார்களே. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் பம்பாயின் ஃபியட்டும் எடை குறைக்கப்பட்டு, எஞ்சின் திருத்தப்பட்டுப் பந்தயத்தில் இறங்கின. ஹெரால்டின் டயர் 5.20-13, ஃபியட்டின் டயர் 5.20-14, அம்பாசிடரின் டயர் 5.90-15 என்ற அளவுகளைக் கொண்டவை. முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாவது ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கும். ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் அகலமே உடைய டயரில்தான் அன்றைய வேகக் கார்கள் வளைவுகளைக் கடந்தன.

விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்துவதில் டயருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. நீண்ட நேர்ப்பாதையில் கார் முழுவேகத்தை எட்டுகிறது. அதன் முடிவில் கடுமையாகப் பிரேக் பிடித்துக் கூர்மையாகத் திரும்ப வேண்டும். நேர்ப்பாதையில் சுழற்சியால் சூடேறிய டயர், திருப்பத்தில் உராய்வால் மேலும் சூடேறுகிறது. வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் ரப்பர் பிடியை இழக்கும், அல்லது டிரெட் உரிந்து பிரியும். ரீட்ரெட் செய்த டயர்களுக்கு இந்த ஆபத்து மிகுதி. எஞ்சினில் கூடுதல் குதிரைத்திறனைப் பெற்றவர்கூட அதைத் தரையில் இறக்கத் தகுந்த டயர் இல்லாமல் நின்ற காலம் அது.

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் சில சோழவரத்துக்கு வந்தன. விஜய் மல்லையா ஓட்டிய என்சைன் ஃபார்முலா 1 கார் அவற்றுள் புகழ்பெற்றது. அகலமான பந்தய டயர்களில் ஓடிய அத்தகைய கார்களுக்கும் உள்ளூர்க் கார்களுக்கும் இடையிலான வேறுபாடு பார்வையாளர்களுக்கு வெளிப்படையாகத் தெரிந்தது.

நைலானிலிருந்து ரேடியலுக்கு

சோழவரம் காலத்து டயர்கள் பெரும்பாலும் குறுக்கிழை டயர்கள். இவற்றில் நைலான் இழை அடுக்குகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்லும். டயர்க் கடைகளில் இவற்றை இன்றும் ‘நைலான் டயர்’ என்பார்கள். இவ்வமைப்பில் பக்கச்சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே உடலாக அசைகின்றன. வளைவில் பக்கச்சுவர் மடங்கும்போது டிரெட்டும் அதனுடன் இழுபட்டுத் தரையிலிருந்து ஓரளவு விலகுகிறது. இழைகள் ஒன்றோடொன்று உரசுவதால் வெப்பமும் கூடுகிறது.

பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இதில் இழைகள் டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குக் குறுக்காக நேரே செல்கின்றன. டிரெட்டின் அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உள்ளன. பக்கச்சுவர் வளைந்துகொடுக்கும்போதும் டிரெட் தரையில் தட்டையாகப் படிந்திருக்கும். வெப்பம் குறையும், ஆயுள் கூடும், வளைவில் பிடி உயரும்.

இந்தியாவில் 1977இல் ஜே.கே. டயர் நிறுவனம் ரேடியல் டயர் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் ரேடியலின் விலை அதிகம். குண்டும் குழியுமான சாலையில் அதன் மெல்லிய பக்கச்சுவர் வெட்டுப்படும் என்ற அச்சமும் இருந்தது. அதனால் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. இந்த இடைக்காலத்தில் செலவை மிச்சப்படுத்த இரண்டு ரேடியலையும் இரண்டு நைலானையும் கலந்து பொருத்தும் பழக்கம் அபாயமானது. முன்சக்கரங்களில் மட்டும் ரேடியல் இருந்தால், திருப்பத்தில் முன்பகுதி பிடித்துக்கொள்ளும், பின்பகுதி வழுக்கும், கார் சுழன்றுவிடும். ஒரே அச்சில் ஒரே வகை டயர் இருக்க வேண்டும், நான்கும் ஒரே வகையாக இருப்பது நல்லது என்ற விதி இதனால் அழுத்தம் பெற்றது. 1983இல் வந்த மாருதி 800 தொடங்கி, புதிய தலைமுறைக் கார்கள் பெருகப் பெருக 1990களில் ரேடியல் டயர் வழக்கமானது.

இருங்காட்டுக்கோட்டைத் தடம்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பூந்தமல்லிக்கு மேற்கே, திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கிச் சொந்தமாகப் பந்தயத் தடம் அமைத்தது. 1990இல் அங்கே பந்தயங்கள் தொடங்கின. 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட இத்தடம் இந்தியாவில் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் நிரந்தரத் தடம்.

ஓடுதளத்திலிருந்து தடத்துக்கு மாறியபோது டயரின் வேலையும் மாறியது. வளைவுகள் பெருகின. வேகமான வளைவில் டயர் பல நொடிகள் ஒரே பக்கமாக அழுத்தப்படுகிறது. அதனால் பக்கச்சுவரின் விறைப்பும் ரப்பர் கலவையும் முன்னைவிட முக்கியமாயின. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் 1988இல் மாருதி எஞ்சினைக் கொண்டு உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார் குறைந்த செலவில் இளைஞர்கள் பந்தயம் கற்க வழிசெய்தது. எல்லோருக்கும் ஒரே வகைக் கார் என்ற ஏற்பாட்டில், ஓட்டுபவர் டயரை எப்படிக் காத்து ஓட்டுகிறார் என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும் திறன்களில் ஒன்றானது.

டயர் நிறுவனங்களும் பந்தயத்தில் நேரடியாக இறங்கின. எம்.ஆர்.எஃப்., ஜே.கே. டயர் ஆகிய இரண்டும் தேசியப் போட்டிகளை ஆதரித்தன. எம்.ஆர்.எஃப். அணி ஆசிய பசிபிக் ராலிப் போட்டியில் 2012 முதல் தொடர்ந்து பட்டங்களை வென்றது. 2013, 2016, 2017 ஆண்டுகளில் கௌரவ் கில் அந்த அணிக்காக வாகை சூடினார். 2022இல் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை எம்.ஆர்.எஃப். டயர்களில் ஓட்டிய ஸ்பெயின் வீரர் எஃப்ரேன் லாரேனா வென்றார். திருவொற்றியூரில் பலூன் கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம் ஐரோப்பாவின் தார்ச்சாலையிலும் மண்சாலையிலும் வெல்ல எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இண்டியானாபோலிஸ், 2005

டயர் தேர்வின் முக்கியத்துவத்தை உலகம் முழுவதும் ஒரே நாளில் கண்ட நிகழ்வில் ஒரு தமிழ்நாட்டு வீரருக்கும் பங்குண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதி ஓட்டித் தொடங்கிய கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார்.

அந்த ஆண்டு ஜூன் 19இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் தடத்தில் பந்தயம். தடத்தின் மேற்பரப்பு அதற்குச் சிலகாலம் முன்பு புதுப்பிக்கப்பட்டிருந்தது. சாய்வாக உயர்ந்த 13ஆம் வளைவைக் கார்கள் முழுவேகத்தில் கடக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அந்த வளைவில் டொயோட்டா அணியின் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் செயலிழந்து கார் சுவரில் மோதியது. அந்த வேகத்தில் தன் டயர்கள் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதிதர முடியாது என மிஷலின் அறிவித்தது. அவ்வாண்டின் விதிப்படி தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே தொகுதி டயர்களையே பயன்படுத்த வேண்டும். வளைவில் வேகத்தடை அமைக்கும் கோரிக்கை ஏற்கப்படவில்லை. தொடக்கச் சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் பூண்ட 14 கார்களும் பந்தயத்திலிருந்து விலகின.

பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூண்ட 6 கார்கள் மட்டுமே ஓடின. ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். நான்காவதாக வந்த நரேன் கார்த்திகேயன் 5 புள்ளிகளைப் பெற்றார். ஃபார்முலா 1இல் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. மிஷலின் அந்த ஆண்டின் பந்தயங்களில் பெரும்பாலானவற்றை வென்ற நிறுவனம். அதன் டயர் பொதுவாகத் தரம் குறைந்தது அல்ல. அந்த ஒரு வளைவுக்கு அது பொருந்தவில்லை என்பதே அன்று நிகழ்ந்தது. பிரிட்ஜ்ஸ்டோனின் துணை நிறுவனமான ஃபயர்ஸ்டோனுக்கு இண்டியானாபோலிஸ் தடத்தில் அனுபவம் இருந்தது.

சாலைக்கு வந்த தேர்வு

1990களின் இறுதியில் இவ்வட்டாரத்திலேயே வேகமான கார்கள் தயாராயின. 1998இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் ஆவடிக்கு மேற்கே திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. லான்சரும் அதன் அடுத்த வடிவமான சீடியாவும் ராலிகளில் விரும்பி ஓட்டப்பட்டன. டயர் வாங்கும்போது ‘எது கிடைக்கும்’ என்று கேட்ட தலைமுறையின் பிள்ளைகள் ‘எது பொருந்தும்’ என்று கேட்கத் தொடங்கினர்.

அந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி டயரின் பக்கச்சுவரிலேயே உள்ளது. 195/55 ஆர் 16 87 வி என்ற குறியில் 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 55 விழுக்காடு என்பதைச் சொல்லும். ‘ஆர்’ என்பது ரேடியல். 16 என்பது அங்குலத்தில் ரிம் விட்டம். 87 என்பது ஒரு டயர் தாங்கக்கூடிய எடைக்கான குறியீடு, அதாவது 545 கிலோ. ‘வி’ என்பது மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் எனக் குறிக்கும். இந்த வரிசையில் ‘டி’ 190, ‘எச்’ 210, ‘டபிள்யூ’ 270 கிலோமீட்டரைக் குறிக்கும். சாலையில் எவரும் அந்த வேகத்தில் செல்லப்போவதில்லை. ஆனால் உயர்ந்த வேகக் குறி, டயர் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலையும் காட்டுகிறது. காருடன் வந்த குறியைவிடக் குறைந்ததைப் பொருத்துவது கூடாது.

அகலமான டயருக்கு மாறுபவர்கள் மொத்த விட்டத்தைக் கணக்கிட வேண்டும். 175/65 ஆர் 14 டயரின் விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர். 185/60 ஆர் 14க்கு மாறினால் 578. வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, எனவே வேகமானி ஏறத்தாழச் சரியாகவே காட்டும். விட்டம் பெரிதும் மாறினால் வேகமானி தவறும், சக்கரம் வளைவில் உடற்பகுதியை உரசும், பூட்டாப் பிரேக் அமைப்பின் கணக்கும் பிசகும். பக்கச்சுவர் உயரம் குறையக் குறைய வளைவில் கார் கூர்மையாகத் திரும்பும். ஆனால் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஒரு பள்ளத்தில் ரிம் நெளியும் வாய்ப்பும் அதே அளவுக்குக் கூடும்.

ரப்பர் கலவையிலும் இதே கொடுக்கல் வாங்கல் உண்டு. மென்மையான கலவை சாலையை இறுகப் பற்றும், விரைவில் தேயும். கடினமான கலவை நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். பல டயர்களில் அமெரிக்க முறைப்படி தேய்மான எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் சிறிதானால் பொதுவாக மென்மையான கலவை என்று கொள்ளலாம்.

வெயிலும் மழையும்

சென்னையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. தேங்கிய நீரின் மேல் வேகமாகச் செல்லும்போது டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றாவிட்டால், கார் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன் தராது. டயர் அகலமாக இருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது. தேய்ந்த அகல டயர் மழையில் மிக மோசமானது. பந்தயத்தில் வறண்ட தடத்துக்குப் பள்ளமே இல்லாத வழுக்கை டயரும் மழைக்கு ஆழ்ந்த பள்ளமுள்ள டயரும் தனித்தனியாக உண்டு. சாலைக் காருக்கு அந்த வசதி இல்லை. ஒரே டயர் மே மாத வெயிலையும் நவம்பர் மழையையும் சந்திக்க வேண்டும்.

டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடாக ஒரு தேய்மானக் குறி இருக்கும். கடைக்காரர்கள் ‘பட்டன்’ என்று சொல்லும் டிரெட் அந்தக் குறியின் மட்டத்துக்குத் தேய்ந்தால், பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர் ஆழமே மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் ஓட்டுவது சட்டப்படியும் தவறு. தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தேயாவிட்டாலும் ரப்பர் முதுமையடையும், வெயில் மிகுந்த ஊரில் விரைவாகவே முதுமையடையும். காற்றழுத்தம் குறைந்த டயர் நெடுஞ்சாலையில் சூடேறி வெடிப்பதும் கோடையின் அபாயங்களில் ஒன்று. ஈரப்பிடி, உருளும் தடை, ஒலி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரங்களை இந்திய அரசு 2022இல் அறிவித்தது.

டன்லப்பின் முடிவும் எஞ்சியவையும்

1980களில் டன்லப் இந்தியா நிறுவனத்தின் உரிமை இந்தியத் தொழிலதிபர்களிடம் வந்தது. 1990களின் இறுதியில் அது நலிவுற்றது. சாகாகஞ்சிலும் அம்பத்தூரிலும் உற்பத்தி நின்றது. 2005இல் ரூயா குழுமம் வாங்கியபின் ஏற்பட்ட மறுதொடக்கம் நீடிக்கவில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. சம்பளமும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, அம்பத்தூர்த் தொழிலாளர் குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடின.

தொழில் மேற்கு நோக்கி நகர்ந்தது. ஒரகடத்தில் அப்போலோ, திருப்பெரும்புதூரில் ஜே.கே. டயர், திருவள்ளூர் மாவட்டத்தின் தேர்வாய் கண்டிகையில் மிஷலின் ஆகியவை ஆலைகளை அமைத்தன. சென்னையிலும் அதைச் சுற்றியும் ரேடியல் டயர்கள் பெரும் எண்ணிக்கையில் தயாராகின்றன.

வண்டலூரிலிருந்து பூந்தமல்லி, ஆவடி ஓரமாக மீஞ்சூர் செல்லும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை, இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்தையும் சோழவரப் பக்கத்தையும் இன்று இணைக்கிறது. அகன்ற இச்சாலையில் வேகத்துக்கு இடம் உண்டு. பந்தயத் தடத்தில் இருக்கும் மணல் விளிம்பும் டயர்ச் சுவரும் மருத்துவ வண்டியும் இல்லை. ஒவ்வொரு டயரும் உள்ளங்கை அளவு இடத்தில்தான் தரையைத் தொடுகிறது என்பது மட்டும் சோழவரக் காலத்திலிருந்து மாறவில்லை. அம்பத்தூரில் ஆலை இயங்கிய நாட்களில் தேர்ந்தெடுக்க வழியின்றி மக்கள் கிடைத்த டயரில் ஓட்டினர். இன்று வழி இருக்கிறது. ஆலை மூடிய பிறகும் அதன் வாசலில் பேருந்து நிற்கும் இடத்துக்கு ‘டன்லப்’ என்ற பெயர் வழங்கிவருகிறது.